புவியியலாளருக்கு அரசில் இடம் எங்கே?

பிளஸ் டூ முடிவுகள் வந்த கையோடு கலைக் கல்லூரிகளின் சேர்க்கை மேசைகளில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழும்: "பி.எஸ்சி. புவியியல் எடுத்தால் அரசு வேலை கிடைக்குமா?" கேட்பவர் பெரும்பாலும் மாணவரின் தாயோ தந்தையோ. பதில் சொல்பவர் ஐ.ஏ.எஸ். தேர்வில் தொடங்கி ஆசிரியர் வேலை வரை ஒரு பட்டியலை ஒப்பிப்பார். பட்டியலில் பொய் ஏதுமில்லை. ஆனால் இரண்டு கேள்விகள் அதில் ஒன்றாகக் கலந்துபோய்விடுகின்றன. புவியியல் படித்தவருக்கு அரசில் வேலை உண்டா என்பது ஒன்று. புவியியலாளராகவே அரசில் வேலை பார்க்க முடியுமா என்பது இன்னொன்று. முதலாவதற்குத் தயங்காமல் உண்டு என்று சொல்லலாம். இரண்டாவதற்கு வாசல்கள் மிகக் குறைவு. அந்தக் குறைவுக்கு மாணவர்கள் காரணமல்ல. அரசு இயந்திரம் புவியியலை எப்படிப் பார்த்து வந்திருக்கிறது என்பதே காரணம்.

புவியியலாளர் என்று நான் சொல்வது தலைநகரங்களையும் நதிகளையும் மனப்பாடமாக வைத்திருப்பவரை அல்ல. ஒரு மருத்துவமனை எந்த ஊரில் அமைந்தால் எத்தனை கிராமத்து மக்கள் ஒரு மணி நேரத்துக்குள் அங்கே வந்து சேர முடியும், ஒரு வார்டின் எல்லையை இரண்டு தெரு தள்ளி வரைந்தால் யார் உள்ளே வருவார், யார் வெளியே போவார், ஓர் ஏரி நிரம்பி வழிந்தால் தண்ணீர் எந்தத் தாழ்நிலம் தேடி ஓடும் என்று கேட்டு, நிலத்தையும் மக்களையும் சேர்த்துவைத்து விடை காண்பவரையே சொல்கிறேன். இந்தக் கேள்விகள் எழாத அரசு அலுவலகம் கிடையாது. ஆனால் இவற்றுக்கு விடை சொல்வதையே வேலையாகக் கொண்ட நாற்காலி எத்தனை அலுவலகங்களில் இருக்கிறது?

வரலாற்றைப் பார்த்தால் இந்த நிலை எப்படி வந்தது என்பது ஓரளவு விளங்கும். இந்தியாவில் நிலத்தை அளந்து வரையும் வேலை படைவீரர்களிடமும் பொறியாளர்களிடமும் தொடங்கியது. இந்திய நில அளவைத் துறை 1767-இல் தோன்றியது. 1794-இல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் பின்னாளில் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளத்துக்கு அடிக்கோடு அளந்து, பெரும் முக்கோண அளவைப் பணியைத் தொடங்கினார். அவரும் படை அதிகாரி, அவருக்குப் பின் வந்த எவரெஸ்ட்டும் படை அதிகாரி. கும்பினி அரசுக்கு வேண்டியவை வரி வசூலிக்க நில அளவும் படை நடத்த வரைபடமும். அளந்த நிலத்தில் வாழும் மனிதர்களைப் பற்றி யோசிக்க ஒரு தனித்துறை வேண்டும் என்று அதற்குத் தோன்றவில்லை. இந்தியப் பல்கலைக்கழகங்களில் புவியியல் தனித்துறையாக வேர்விடத் தொடங்கியது 20-ஆம் நூற்றாண்டில்தான். சென்னைப் புவியியல் கழகம் உருவானது 1926-இல். இன்றைய இந்தியப் புவியியல் கழகம் அதுவே. அதற்குள் அரசின் வரைபட வேலை முழுவதும் வேறு கைகளில் நிலைத்துவிட்டது.

விளைவு என்ன என்பதற்கு 1947-ஐவிடப் பெரிய சான்று வேண்டாம். பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரிக்கும் கோட்டை வரையும் பொறுப்பு சிரில் ராட்கிளிஃப் என்ற வழக்கறிஞரிடம் போனது. அவர் டெல்லி வந்து சேர்ந்தது ஜூலை 8. தீர்ப்பு வெளியானது ஆகஸ்ட் 17. ஒவ்வோர் எல்லை ஆணையத்திலும் அவருக்குத் துணையாக இருந்த நால்வரும் நீதிபதிகள். பஞ்சாப் ஆணையத்தின் முன் வாதங்கள் நடந்தபோது ஓ.எச்.கே. ஸ்பேட் என்ற புவியியலாளரும் லாகூரில் இருந்தார். அகமதியா சமூகத்தார் தங்கள் தரப்புக்கு ஆலோசனை சொல்ல அவரை அழைத்து வந்திருந்தார்கள். வழக்காடிய ஒரு தரப்புக்குப் புவியியலாளர் தேவைப்பட்டிருக்கிறார். கோடு வரைந்த அரசுக்குத் தேவைப்படவில்லை. கால்வாய் ஒரு நாட்டிலும் அதன் தலைமதகு இன்னொரு நாட்டிலுமாகப் போன துயரத்தைப் புவியியலாளர் ஒருவர் தடுத்து நிறுத்தியிருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கோட்டை வரையும் முன் அந்தக் கேள்வியை மேசையில் வைக்க ஆணையத்துக்குள் ஓர் ஆள் இருந்திருப்பார்.

ஒன்பது ஆண்டு கழித்து மாநிலங்களைத் திருத்தியமைத்தபோதும் நிலைமை பெரிதாக மாறவில்லை. ஃபசல் அலி ஆணையத்தில் ஒரு நீதிபதி, ஓர் அரசியலாளர், ஒரு வரலாற்றறிஞர். வரலாற்றறிஞரான கே.எம். பணிக்கர் இந்திய வரலாற்றில் புவியியல் காரணிகளைப் பற்றி ஒரு நூலே எழுதியவர் என்பது ஓர் ஆறுதல். கன்னியாகுமரி நமக்கு வந்ததும், திருத்தணி 1960-இல் வந்து சேர்ந்ததும், தேவிகுளம் பீர்மேடு வராமலே போனதும் மொழிக் கணக்கோடு மலை, நீர், போக்குவரத்துக் கணக்குகளும் பின்னிக்கிடந்த விவகாரங்கள். அவற்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். அவற்றை ஆராய்வதற்கென்று அரசுக்குள் ஒரு பதவியை உருவாக்கவில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.பி. சட்டர்ஜி வங்கப் பிரிவினையைப் புவியியல் நோக்கில் ஆராய்ந்து 1947-இல் நூல் வெளியிட்டார். 1949-இல் வங்காளத்தை வரைபடங்களாகவே தொகுத்தார். அந்த உழைப்பின் தொடர்ச்சியாக 1956-இல் தேசிய நிலவரைபட நூல் அமைப்பு அவர் தலைமையில் கல்கத்தாவில் பிறந்தது. மறு ஆண்டே இந்தியில் முதல் தேசிய நிலவரைபட நூலை அது வெளியிட்டது. 1978-இல் பெயர் மாறி, இன்று நாட்மோ என்ற சுருக்கப் பெயரில் அறியப்படுகிறது. மண், மழை, பயிர், மக்கள், மொழி என்று ஒவ்வொரு பொருளுக்கும் வரைபடம் ஆக்குவதே இதன் பணி. புவியியல் முதுகலைப் பட்டம் ஒருவரை நேராக உள்ளே அழைத்துச் செல்லும் அரசு நிறுவனம் இந்த நாட்டில் ஏதேனும் உண்டென்றால் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். ஆனால் அது சிறிய நிறுவனம், பணியிடங்கள் கொஞ்சம், அறிவிக்கைகள் எப்போதாவதுதான் வரும். ஒரு நாட்டின் புவியியல் பட்டதாரிகள் அனைவரும் நம்பி நிற்கக்கூடிய இடமல்ல.

அடுத்து வருவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரைபடப் பிரிவு. தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் ஓர் அங்கம் இது. புவியியலாளரின் வேலை அரசுக்குள் எப்படி இருக்கும் என்று மாணவர்கள் கேட்டால் நான் இதைத்தான் விரித்துச் சொல்வேன்.

கணக்கெடுப்பு என்றால் தலைகளை எண்ணுவது என்று நினைக்கிறோம். எண்ணத் தொடங்குவதற்கு முன்பே பெரிய வேலை ஒன்று முடிந்திருக்க வேண்டும். நாட்டின் சுமார் 6.4 லட்சம் கிராமங்களில் ஒன்று விடுபடாமல், ஒன்று இரண்டுமுறை வராமல், ஒவ்வொன்றுக்கும் எல்லையும் குறியெண்ணும் இருக்க வேண்டும். கணக்கெடுப்பு நடக்கும் காலத்தில் மாநிலங்கள் புது மாவட்டம், புது வட்டம் என்று பிரித்துக்கொண்டே போனால் எண்ணிக்கை குழம்பும். அதனால் எல்லைகளை ஒரு குறித்த நாளில் உறையவைத்துவிடுவார்கள். 2027 மார்ச் 1-ஐக் குறிப்புநாளாகக் கொண்ட கணக்கெடுப்புக்கு, 2025 டிசம்பர் 31-க்குள் மாற்றங்களை முடித்துக்கொள்ளுமாறு மாநிலங்களுக்குச் சொல்லப்பட்டது. அதற்குள் நடந்த ஒவ்வோர் எல்லை மாற்றத்தையும் அரசாணைகளிலிருந்து எடுத்து வரைபடத்தில் ஏற்ற வேண்டும். அப்புறம் ஒவ்வோர் ஊரையும் ஒரு கணக்கெடுப்பாளர் சமாளிக்கக்கூடிய சிறு வட்டாரங்களாகப் பிரிக்க வேண்டும். போன கணக்கெடுப்பில் நம் ஆசிரியர்கள் தெருத்தெருவாக நடந்து, கோயிலையும் குழாயடியையும் அடையாளமாக வைத்துக் கையால் வரைந்த அமைவுப் படங்கள் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி.

தமிழ்நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-இல் நமக்கு 32 மாவட்டங்கள். 2019-இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு; 2020-இல் மயிலாடுதுறை; மொத்தம் 38 ஆயிற்று. தென்காசி மாவட்டத்தின் எழுத்தறிவு 2011-இல் என்னவாக இருந்தது என்று யாராவது கேட்டால், அப்போது இல்லாத மாவட்டத்துக்கு விடை எங்கிருந்து வரும்? பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் எந்தெந்தக் கிராமம் இன்று எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்துக் கூட்டித்தான் சொல்ல முடியும். நிதி ஒதுக்கீடு, பள்ளிகளின் தேவை, சுகாதார நிலையங்கள் என்று எல்லாமே இந்தப் பொருத்தத்தைச் சார்ந்தவை. இதைச் செய்பவரின் பெயர் எந்தச் செய்தியிலும் வராது. செய்யாவிட்டால் ஒரு தலைமுறைக்கான ஒப்பீடே அறுந்துபோகும்.

நகரம் எது, கிராமம் எது என்று தீர்மானிப்பதும் இங்கேதான். 5,000 பேருக்குக் குறையாத மக்கள், வேலை செய்யும் ஆண்களில் 75 விழுக்காட்டினராவது வேளாண்மை அல்லாத தொழிலில் இருத்தல், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது இருக்கும் அடர்த்தி என்ற மூன்று அளவுகோல்களுக்குள் வந்தால், ஊராட்சியாக இருந்தாலும் அதைக் கணக்கெடுப்பு நகரமாகக் கொள்வார்கள். இத்தகைய ஊர்கள் 2001-இல் 1,362. 2011-இல் ஏறத்தாழ 3,900. இந்தியா எங்கே, எப்படி நகரமாகிக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்லும் மிகத் தெளிவான சான்றுகளில் இது ஒன்று. இதை ஆக்கியவர்களில் புவியியல் படித்தவர்களுக்கு உரிய பங்கு உண்டு. பணியாளர் தேர்வு ஆணையத்தின் 'செலக்‌ஷன் போஸ்ட்' அறிவிக்கைகளில் இந்தப் பிரிவுக்கான இடங்கள் அவ்வப்போது ஒன்றிரண்டாக வரும். மற்ற நூற்றுக்கணக்கான பதவிகளுக்கு நடுவே கண்ணில் படாமல் தப்பிவிடும் என்பதால், புவியியல் மாணவர்கள் அந்த அறிவிக்கைகளைக் கடைசிப் பக்கம் வரை வரி வரியாகப் படிக்கப் பழக வேண்டும்.

இனி மூடிய கதவுகள். இவற்றைப் பற்றிச் சேர்க்கை மேசையில் யாரும் பேசுவதில்லை; மாணவர்கள் பட்டம் வாங்கிய பிறகுதான் முட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். 1851-இல் தோன்றிய இந்தியப் புவிப்பொதியியல் ஆய்வுத் துறைக்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு, பாறைகளையும் கனிமங்களையும் புவி இயற்பியலையும் நிலத்தடி நீரையும் பாடமாகப் படித்தவர்களுக்கானது. புவியியல் முதுகலை அதற்குத் தகுதியல்ல. இந்திய நில அளவைத் துறையின் முதல்நிலை அலுவலர் பணிக்கு வழி, பொறியியல் பணித் தேர்வு. அது கட்டடப் பொறியாளர்களின் வழி. வனப்பணித் தேர்வு எழுதத் தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், புவிப்பொதியியல், கால்நடை அறிவியல் ஆகியவற்றில் ஒன்றைப் பட்டப்படிப்பில் படித்திருக்க வேண்டும். அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். காட்டையும் மலையையும் மழையையும் மூன்று ஆண்டுகள் படித்த புவியியல் பட்டதாரி, வேறு துணைப்பாடம் கைகொடுத்தாலொழிய, விண்ணப்பிக்கவே முடியாது.

பாறையைப் பற்றிய தேர்வு பாறை படித்தவருக்கு என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. வனப்பணி விஷயத்தில் மறுப்பு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு வன அலுவலர் நாள்தோறும் எதிர்கொள்பவை நிலப் பயன்பாடு, யானை வழித்தடம், எல்லைத் தகராறு, தோட்டங்களின் விரிவு, நீர்ப்பிடிப்பு. புவியியலின் நடு வீட்டில் இருப்பவை இவை. கணிதப் பட்டதாரியை அனுமதிக்கும் பட்டியல் புவியியல் பட்டதாரியை நிறுத்திவைப்பதற்கு நியாயம் சொல்வது கடினம்.

குடிமைப் பணித் தேர்வின் கதை வேறு. அங்கே புவியியல் ராணிபோல் வீற்றிருக்கிறது. முதன்மைத் தேர்வில் விருப்பப்பாடமாக எடுத்தால் இரண்டு தாள்கள், ஒவ்வொன்றுக்கும் 250 மதிப்பெண். எழுத்துத் தேர்வின் 1,750-இல் 500 இதிலேயே வந்துவிடும். முதல்நிலைத் தேர்விலும் முதன்மைத் தேர்வின் பொதுத்தாளிலும் புவியியல் கணிசமாக உண்டு. அதனால் பல ஆண்டுகளாக அதிகம் பேர் தேர்ந்தெடுக்கும் விருப்பப்பாடங்களில் ஒன்றாக இருக்கிறது, தமிழிலும் எழுதலாம். ஆனால் ஒன்றை உடைத்துச் சொல்லியாக வேண்டும். விருப்பப்பாடமாகப் புவியியலை எடுக்கப் புவியியல் பட்டம் தேவையில்லை. அந்தத் தாளை எழுதுபவர்களில் பொறியாளர்களும் மருத்துவர்களும் ஏராளம். பட்டம் தருவது ஆழமும் முன்கூட்டிய பழக்கமும். தனி உரிமை அல்ல. வென்றவரும் புவியியலாளராகப் போவதில்லை, ஆட்சியராகவும் காவல் அதிகாரியாகவும் போகிறார். பொதுப் பிரிவினருக்கு 32 வயது, ஆறு முயற்சிகள். பிற்படுத்தப்பட்டோருக்கு 35 வயது, ஒன்பது முயற்சிகள். இந்தக் காலத்தை முழுவதும் அந்த ஒரே தேர்வுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு முப்பதைத் தாண்டிய திறமையான புவியியல் பட்டதாரிகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் பலர் நல்ல வரைபட வல்லுநர்களாகவோ திட்டமிடுநர்களாகவோ ஆகியிருக்க வேண்டியவர்கள். அதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் புவியியல் பட்டத்துக்கு நேரடியாகச் சோறு போடுவது பள்ளிக்கூடம்தான். பி.எட். முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறி, பட்டதாரி ஆசிரியராகலாம். முதுகலை முடித்தால் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் வழியே மேல்நிலை வகுப்புகளுக்குப் போகலாம். நெட் அல்லது செட் தேறினால் கல்லூரி. இந்த வழியை இரண்டாம் தரமாக எண்ணுவோர் உண்டு. நான் அப்படி எண்ணவில்லை. ஒரு குழந்தை தன் ஊரின் ஓடை எந்த ஆற்றில் போய்ச் சேர்கிறது என்று அறிந்துகொள்வது ஒரு நல்ல ஆசிரியரால்தான். இடைஞ்சல் வேறிடத்தில் இருக்கிறது. மேல்நிலை வகுப்பில் புவியியலைத் தனிப்பாடமாக நடத்தும் அரசுப் பள்ளிகள் குறைவு. எனவே தமிழுக்கோ கணக்குக்கோ வரும் முதுகலை ஆசிரியர் இடங்களோடு பார்த்தால் புவியியலுக்கு வருபவை சொற்பம். பள்ளியில் பாடம் இல்லையென்றால் கல்லூரியில் மாணவர் குறைவார். மாணவர் குறைந்தால் துறை சுருங்கும். துறை சுருங்கினால் பாடம் நடத்த ஆள் இருக்காது. இந்தச் சுழலை எங்காவது ஓரிடத்தில் உடைத்தாக வேண்டும். மேல்நிலைப் பள்ளிகளில் பாடத்தைக் கூட்டுவதே எளிய இடம் என்பது என் கருத்து.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுகளில் புவியியல் பொது அறிவின் ஒரு பகுதி மட்டும். ஆனால் குரூப் 4 வழியே வரும் கிராம நிர்வாக அலுவலர் பணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிட்டா, அடங்கல், புல எண், கிராம வரைபடம், எஃப்.எம்.பி. எனப்படும் புலப்படம் ஆகிய இவை எல்லாம் ஒரு நிலப்பரப்பைப் படிக்கும் ஆவணங்கள். வாய்க்கால் புறம்போக்கு எங்கே முடிகிறது, நத்தம் எங்கே தொடங்குகிறது என்று நடந்து பார்த்துத் தெரிந்த வி.ஏ.ஓ. ஒருவர் தன் கிராமத்தின் புவியியலாளரே. புவியியல் படித்தவர் இந்த வேலைக்குப் போனால் படிப்பு வீண் என்று யாரும் சொல்ல வேண்டாம். அதே சமயம் அந்த நிலத்தை அளக்கும் சர்வேயர், வரைவாளர் பணிகளுக்கான தகுதி ஐ.டி.ஐ. சர்வே பயிற்சியையும் கட்டடப் பொறியியல் பட்டயத்தையும் சுற்றியே அமைந்திருக்கிறது. புவியியல் பட்டப்படிப்பின் செய்முறையிலும் சங்கிலி அளவை, சமதள மேசை அளவை, வரைபடத் தயாரிப்பு எல்லாம் உண்டு. அந்தப் பயிற்சி இங்கே கணக்கில் வருவதில்லை.

தொலையுணர்வும் ஜி.ஐ.எஸ். எனப்படும் புவித்தகவல் முறையும் இந்தத் துறையின் முகத்தையே மாற்றியிருக்கின்றன. டேராடூனில் 1966-இல் நெதர்லாந்து உதவியோடு வான்படங்களைப் படித்தறியக் கற்றுத்தரும் நிறுவனமாகத் தொடங்கியது இன்றைய இந்தியத் தொலையுணர்வு நிறுவனம். 1988 மார்ச்சில் ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோள் ஏவப்பட்ட பின் நாட்டின் நிலப்பரப்பை நாமே மேலிருந்து பார்க்கத் தொடங்கினோம். டேராடூன் நிறுவனத்தின் சில படிப்புகளில் புவியியல் முதுகலைப் பட்டதாரிகளுக்கு இடம் உண்டு. ஐதராபாத்தின் தேசியத் தொலையுணர்வு மையம், சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கும் தேசிய நிலையான கடற்கரை மேலாண்மை மையம், கடலோர ஒழுங்காற்று மண்டல வரைபடப் பணிகள், மாநில அரசின் மின்னாளுமை முகமை என்று வேலை நடக்கும் இடங்கள் பெருகியிருக்கின்றன. 2020-இல் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டம் டிரோன்களைக் கொண்டு கிராமக் குடியிருப்புகளை அளக்கிறது. நகர நிலங்களை அளக்க 2025-இல் 152 நகர்ப்புற உள்ளாட்சிகளில் நக்ஷா திட்டம் சோதனை முறையில் தொடங்கியது. 2022-ஆம் ஆண்டின் தேசியப் புவிசார் கொள்கை, 2030-க்குள் நாடு முழுவதற்கும் மிக நுணுக்கமான நிலத்தோற்ற வரைபடங்கள் வேண்டும் என்கிறது.

வேலை இவ்வளவு இருந்தும் நிரந்தரப் பணியிடம் அதே அளவுக்குப் பெருகவில்லை. புவியியல் மாணவர்களுக்குக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி திட்ட உதவியாளர், இளநிலை ஆய்வாளர், ஆலோசகர் என்ற ஒப்பந்தப் பெயர்கள். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். ஒரு மாவட்டத்தின் வெள்ளப் படத்தை இரண்டு ஆண்டு உழைத்து ஆக்கியவர் மூன்றாம் ஆண்டு வேறு ஊரில் வேறு திட்டத்தில் இருப்பார். படம் ஒரு கணினியில் உறங்கும். அதைத் திறந்து திருத்தத் தெரிந்தவர் அலுவலகத்தில் இருக்கமாட்டார். இது அந்த இளைஞரின் வாழ்க்கைப் பிரச்சினை. அதைவிட, அரசு தன் நினைவாற்றலையே இழக்கும் பிரச்சினை. போட்டியும் கூடிவிட்டது. கிண்டியிலேயே புவித்தகவலியலில் பி.இ. பட்டம் தருகிறார்கள். மென்பொருளை இயக்கத் தெரிவது மட்டுமே தகுதி என்றால் பொறியாளர் முந்திக்கொள்வார். புவியியல் மாணவர் முந்தக்கூடிய இடம், படத்தில் தெரியும் நிறமாற்றம் நிலத்தில் எதனால் நிகழ்ந்தது என்று சொல்வதில் இருக்கிறது. அதற்குக் களப்பணி வேண்டும். களப்பணியைச் சுற்றுலாவாக்கிவிட்ட கல்லூரிகள் தங்கள் மாணவர்களிடமிருந்து எதைப் பறிக்கின்றன என்பதை உணர வேண்டும்.

பலருக்குத் தெரியாத இன்னொரு வழி நகரத் திட்டமிடல். டெல்லியின் திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளி போன்ற நிறுவனங்கள் முதுநிலைத் திட்டமிடல் படிப்புக்குப் புவியியல் முதுகலைப் பட்டதாரிகளையும் சேர்க்கின்றன. அந்தப் பட்டம் கையில் இருந்தால் நகர் ஊரமைப்புத் துறை, பெருநகர வளர்ச்சிக் குழுமம் போன்ற இடங்களின் அறிவிக்கைகளில் பொருந்தும் வாய்ப்பு வருகிறது. செலவும் காலமும் கூடுதல்தான். ஆனால் புவியியலாளராகச் சிந்தித்துக்கொண்டே அரசில் முடிவெடுக்கும் மேசைக்கு அருகில் உட்கார இன்றிருக்கும் வழிகளில் இதுவே மிக நேரானது என்பேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துச் சென்றிருந்தது. மழையை முன்னறிவிப்பது வானிலைத் துறையின் வேலை. ஆனால் அவ்வளவு தண்ணீர் எங்கே போகும்? தாமிரபரணிப் பாசனக் குளங்களில் எது உடைந்தால் அடுத்து எது உடையும்? ரயில் பாதையும் சாலை மேடும் வெள்ளத்தை எந்தப் பக்கம் தேக்கும்? தேரி மணல்மேடுகளுக்கு நடுவே எந்தக் குடியிருப்புகள் தாழ்வில் இருக்கின்றன? இவை மழைக்கு முன்பே, வெயில் காலத்திலேயே ஒருவர் உட்கார்ந்து விடை கண்டு வைத்திருக்க வேண்டிய கேள்விகள். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இலேயே மாவட்டந்தோறும் ஆணையமும் திட்டமும் வேண்டும் என்று சொல்லிவிட்டது. அந்தத் திட்டத்தை எழுதுவதும் ஆண்டுதோறும் திருத்துவதும் பெரும்பாலும் வேறு பத்து வேலைகளுக்கு நடுவே வருவாய்த் துறையினரின் தலையில் விழுகிறது. அவர்கள் உழைப்பில் குறையில்லை. அது அவர்கள் படித்த வேலை அல்ல.

மற்ற நாடுகள் இதை எப்படிக் கையாண்டன என்று பார்ப்பது பயன்தரும். அமெரிக்க மத்திய அரசின் பணி வகைப்பாட்டில் புவியியலுக்கென்று 0150 என்ற தனி எண் இருக்கிறது. அந்த எண்ணில் வரும் பதவிக்குப் புவியியல் பாடங்களை இத்தனை அளவு படித்திருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. வரைபடக் கலைக்கு 1370 என்று இன்னோர் எண். அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையில் புவியியல் பிரிவு பெரிய அங்கம். 1990 கணக்கெடுப்புக்காக நாடு முழுவதன் சாலைகளையும் எல்லைகளையும் கணினித் தரவாக்கிய டைகர் தொகுப்பு அங்கே பிறந்தது. பிரிட்டனில் 2018-இல் அரசுப் புவியியல் தொழில்முறை என்ற அமைப்பு உருவானது. பல துறைகளில் சிதறியிருந்த புவியியலாளர்களை ஒரு குடையின்கீழ் கொண்டுவந்து, அவர்களுக்கென்று திறன் வரையறையும் முன்னேறும் வழியும் வகுத்தார்கள்.

நமக்கு இது புதிதும் அல்ல. 1961-இல் இந்தியப் புள்ளியியல் பணி, இந்தியப் பொருளாதாரப் பணி என்ற இரண்டு பணிகளை அரசு உருவாக்கியது. எண்களைப் படிக்கவும் பொருளாதாரத்தைப் படிக்கவும் அமைச்சகந்தோறும் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தவை அவை. யு.பி.எஸ்.சி. அவற்றுக்குத் தனித் தேர்வு நடத்துகிறது. நிலத்தைப் படிக்க அப்படி ஒரு பணி அன்று உருவாகவில்லை. பெரிய துறை எதுவும் வேண்டாம். அந்த இரண்டைப் போன்ற சிறிய பணி ஒன்று போதும். வேளாண்மை, ஊரக வளர்ச்சி, நீர்வளம், சுகாதாரம், உள்துறை ஆகியவற்றில் சில நூறு பேர் பரவியிருந்தால் இன்று ஒப்பந்த நிறுவனங்களிடம் வாங்கும் படங்களின் தரத்தைச் சோதிக்கவாவது உள்ளே ஆள் இருப்பார்.

அதுவரை இருபது வயதில் இருக்கும் ஒரு மாணவி என்ன செய்வது? பட்டத்தோடு இன்னொரு கைத்தொழில் அவளுக்கு வேண்டும் என்பதே என் நேர்மையான பதில். முதலாண்டிலேயே அதைத் தேர்ந்துகொள்வது நல்லது. எண்களில் விருப்பம் இருந்தால் புள்ளியியலும், காசில்லாமல் கிடைக்கும் க்யூஜிஐஎஸ் மென்பொருளும். நகரத்தில் விருப்பம் இருந்தால் திட்டமிடல் முதுகலையை நோக்கி. கற்பித்தலில் என்றால் பி.எட்.டைத் தள்ளிப்போடாமல். குடிமைப் பணித் தேர்வு எழுதட்டும்; ஆனால் அது ஒன்றையே வாழ்க்கை என்று வைத்துக்கொள்ளாமல், பக்கத்தில் இந்தக் கைத்தொழிலையும் வளர்த்துக்கொண்டு எழுதட்டும். துணைப்பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருக்கும் கல்லூரியில் எந்தத் துணைப்பாடம் எந்தத் தேர்வின் கதவைத் திறக்கும் என்று அறிவிக்கைகளை முன்னால் வைத்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டும். சேர்க்கை மேசையில் இருக்கும் ஆசிரியர் அந்த அறிவிக்கைகளைப் படித்திருக்க வேண்டும் என்பது அதற்கும் முந்தின தேவை.

மாணவர் தரப்பில் செய்யக்கூடியது இவ்வளவுதான். மீதி, பணி நியமன விதிகளில் இருக்கிறது. ஒவ்வொரு பதவிக்கும் கட்டாயக் கல்வித் தகுதி என்று ஒரு பத்தி உண்டு. அந்தப் பத்தியில் புவியியல் என்ற சொல் இல்லாததால்தான் மேலே சொன்ன கதவுகள் மூடிக்கிடக்கின்றன. மத்திய அரசுப் பதவிகளின் நியமன விதிகளை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்ய வேண்டும் என்று பணியாளர் துறையின் வழிகாட்டுதல் சொல்கிறது. மறுஆய்வு வரும்போது துறைக்கு எழுதிக் கேட்பவர் யார்? 1926-இல் சென்னையில் பிறந்த இந்தியப் புவியியல் கழகமும், சென்னை, மதுரை காமராசர், பாரதிதாசன் பல்கலைக்கழகங்களின் புவியியல் துறைகளும் கூடி இதைக் கையில் எடுக்கலாம். வனப்பணியின் தகுதிப் பட்டியலில் புவியியல். சர்வேயர் பணிக்குப் புவியியல் பட்டத்தோடு நில அளவைச் சான்றிதழ். மாவட்டப் பேரிடர் மேலாண்மை அலுவலகத்தில் புவியியலாளர் என்ற பெயரிலேயே ஒரு நிரந்தரப் பணியிடம். மூன்றாவதற்குத் தமிழ்நாடு கேட்க வேண்டியது 38 இடங்கள். சேர்ந்தவர்களுக்கு முதல் ஆண்டின் வேலையும் தயாராக இருக்கிறது: தங்கள் மாவட்டத்து ஏரிகள் எந்த வரிசையில் நிரம்பி எந்த வழியில் வழிகின்றன என்று நடந்து பார்த்து, கிராம வரைபடத்தின் மீது குறித்து முடிப்பது.